பேஸ்பாலின் நாற்றங்கால்: மைனர் லீக் பையன்களைக் கவனித்து வருவது எப்படி?

2018-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி 162 ஆட்டங்கள் ஆடி 115-இல் தோற்றது. அடுத்த ஆண்டு 108 தோல்வி. கொரோனாவால் சுருங்கிப்போன 2020-ஐ விட்டுவிட்டால், 2021-இல் மறுபடியும் 110. இவ்வளவு தோற்கும் அணியை யார் பார்ப்பார்கள்? ஆனாலும் அந்த ஆண்டுகளில் ஓரியோல்ஸ் ரசிகர்களில் ஒரு சாரார் உற்சாகமாகவே இருந்தார்கள். பால்டிமோரில் நடந்த ஆட்டத்தை விட, போவி, அபர்தீன், சாலிஸ்பரி போன்ற சின்ன ஊர்களில் நடந்த ஆட்டங்கள்தான் அவர்களுக்கு முக்கியம். அங்கே ஆடிக்கொண்டிருந்த பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களின் பெயரெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. 2023-இல் அந்தப் பையன்கள் மேலே வந்து 101 ஆட்டங்களை வென்றபோது மற்றவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். இவர்களுக்கு அது பல வருடமாகக் காத்திருந்த அறுவடை.

இப்படி மேஜர் லீக் என்ற உச்ச மட்டத்துக்கு இன்னும் வராத, அதற்குக் கீழே மைனர் லீகில் ஆடும் வீரர்களைக் கவனித்து வருவது அமெரிக்க பேஸ்பாலில் தனி ரசனை. எதிர்காலத்தில் பெரிய ஆளாக வருவான் என்று நம்பப்படும் இளம் வீரரை ப்ராஸ்பெக்ட் என்கிறார்கள். பேஸ்பாலே புதிது என்பவரும் இதைப் பிடித்துக்கொள்ளலாம். சொல்லப்போனால், இந்த வழியாக உள்ளே வருவதுதான் சுலபம் என்பது என் எண்ணம். ஓர் அணியின் நான்கைந்து பையன்களைத் தெரிந்துகொண்டால் போதும்; விளையாட்டின் நுணுக்கங்கள் அவர்கள் பின்னாலேயே வந்து சேரும். எனக்கு நெருக்கமான அணி என்பதால் ஓரியோல்ஸை வைத்தே சொல்கிறேன். மற்ற 29 அணிகளிலும் அமைப்பு இதேதான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். நம் ஊரில் ஒரு பையன் கிளப்பில் ஆடி, ரஞ்சிக்கு வந்து, அங்கிருந்து ஐபிஎல் ஏலத்துக்குப் போகிறான். அவனை வளர்த்தவர்கள் ஒருவர், ஏலத்தில் எடுப்பவர்கள் வேறொருவர். பேஸ்பாலில் அடிமட்டத்திலிருந்து உச்சி வரைக்கும் உள்ள ஏணி முழுவதும் ஒரே அணியின் கையில் இருக்கிறது. பையனை ஒப்பந்தம் செய்வது, பயிற்சியாளரை நியமிப்பது, சம்பளம் கொடுப்பது, எந்த ஊரில் எந்த மட்டத்தில் ஆட வேண்டும் என்று முடிவு செய்வது எல்லாமே மேலே இருக்கும் மேஜர் லீக் அணிதான். சின்ன ஊர் அணிக்கு மைதானத்தை நடத்துவதும் டிக்கெட் வியாபாரமும்தான் வேலை. ஆடும் பையன்கள் சொந்தம் கிடையாது.

இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் கட்டியவர் பிராஞ்ச் ரிக்கி. 1920-களில் அவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திக்கொண்டிருந்தார். அப்போது மைனர் லீக் அணிகள் தனித்தனி முதலாளிகளுடையவை. நல்ல வீரனை அவர்கள் வளர்த்து, அதிக விலை கொடுக்கும் அணிக்கு விற்பார்கள். பணக்கார அணிகளோடு ஏலத்தில் போட்டி போட கார்டினல்ஸிடம் காசு இல்லை. சரி, விலை கொடுத்து வாங்க முடியாது என்றால் நாமே பயிரிடலாம் என்று ரிக்கி சின்ன அணிகளையே வாங்கத் தொடங்கினார். அதனால்தான் இதற்கு இன்றும் ஃபார்ம் சிஸ்டம், அதாவது பண்ணை முறை என்று பெயர். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் நாற்றங்கால்தான் நினைவுக்கு வரும். நெருக்கமாக விதைத்து, முளைத்ததில் தேறுவதைப் பிடுங்கி, வேறு வயலில் நடுவது. பிற்பாடு புரூக்ளின் டாட்ஜர்ஸுக்குப் போன ரிக்கி, ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்தபோதும் நேரே மேலே கொண்டுபோகவில்லை. 1946-இல் ஒரு பருவம் முழுக்க மாண்ட்ரியல் ராயல்ஸ் என்ற மைனர் லீக் அணியில் ஆடவைத்த பிறகே 1947-இல் ராபின்சன் புரூக்ளினுக்கு வந்தார்.

இன்றைய ஏணி 2021-இல் சீரமைக்கப்பட்டது. அதற்கு முன்பு அணிகள் அதிகம். நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் அப்போது தங்கள் மேஜர் லீக் தொடர்பை இழந்தன. பல தலைமுறைகளாக ஆட்டம் பார்த்த ஊர்கள் அவற்றில் இருந்தன. அது எனக்கு இன்றும் வருத்தம்தான். இப்போது ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே முழுப் பருவம் ஆடும் நான்கு அணிகள் உண்டு. மேலிருந்து சொன்னால் ட்ரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ. அதற்கும் கீழே ஃபுளோரிடாவிலோ அரிசோனாவிலோ பயிற்சி மைதானங்களில் நடக்கும் காம்ப்ளெக்ஸ் லீக், டொமினிகன் குடியரசில் நடக்கும் கோடைக்கால லீக். ஓரியோல்ஸுக்கு ட்ரிபிள்-ஏ அணி வர்ஜீனியாவின் நார்ஃபோக் டைட்ஸ். டபுள்-ஏ அணி மேரிலாந்தின் போவியில். பே சாக்ஸ் என்று பெயர். முன்பு போவி பே சாக்ஸ், 2025 முதல் செசபீக் பே சாக்ஸ். நான் இங்கே சொல்லப்போகும் பையன்கள் வளர்ந்த காலத்தில் ஹை-ஏ அணி அபர்தீனில் இருந்தது. சிங்கிள்-ஏ அணியான டெல்மார்வா ஷோர்பேர்ட்ஸ் சாலிஸ்பரியில்.

இந்த மட்டங்கள் வெறும் பெயர்கள் அல்ல. சிங்கிள்-ஏ-வில் பந்து வீசுபவனுக்கு வேகம் இருக்கும், கட்டுப்பாடு இருக்காது. பொறுமையாக நின்றாலே மட்டைக்காரன் தப்பித்துக்கொள்ளலாம். டபுள்-ஏ-வில் கதை மாறுகிறது. அங்கே பந்து வீசுபவனிடம் இரண்டு மூன்று வகைப் பந்துகள் கைவசம் இருக்கும்; அவற்றை நினைத்த இடத்தில் போடவும் தெரியும். ஒரு பையனின் பலவீனத்தைக் கண்டுபிடித்து அதிலேயே குத்துவார்கள். உண்மையான சோதனை டபுள்-ஏ-தான் என்று இந்த விளையாட்டில் ஊறியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ட்ரிபிள்-ஏ-வில் முப்பது வயதைக் கடந்த, மேலே போய்த் திரும்பி வந்த அனுபவசாலிகளும் இருப்பார்கள். யாருக்காவது மேலே காயம்பட்டால் நாளை ராத்திரியே அங்கே போய் நிற்க வேண்டியவர்கள் அவர்கள்.

போவி மைதானத்துக்கு நான் முதலில் போனபோது என்னை ஈர்த்தது ஆட்டத்தைவிட அந்த நெருக்கம். டிக்கெட் விலை குறைவு. வேலிக்கு அந்தப் பக்கம் நாலடி தூரத்தில் வீரர்கள் நிற்கிறார்கள். குழந்தைகள் பந்தையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், அந்தப் பையன்களும் நின்று நிதானமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்களில் ஒருவன் தொலைக்காட்சியில் தெரியும்போது நம் தெருப் பையனைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

சரி, இந்தப் பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள்? இரண்டு வாசல்கள். அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ பையன்கள் ஜூலையில் நடக்கும் டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு வழியாக வருகிறார்கள். 20 சுற்றுகள், பொதுவாகத் தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை, முதல் சில இடங்களுக்கு மட்டும் இப்போது குலுக்கல் இருக்கிறது. டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா போன்ற நாடுகளின் பையன்களைப் பதினாறு வயதிலேயே ஒப்பந்தம் செய்யலாம். அதற்கான காலம் ஜனவரி 15-இல் தொடங்குகிறது. ஓரியோல்ஸ் 2018-இல் 115 ஆட்டங்கள் தோற்றதன் பலன், 2019 டிராஃப்டில் முதல் தேர்வு. ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கேட்சராக, அதாவது நம் விக்கெட் கீப்பர் மாதிரி, ஆடிய ஆட்லி ரட்ச்மனை எடுத்தார்கள். 81 லட்சம் டாலர் ஒப்பந்தத் தொகை. அதே டிராஃப்டில் இரண்டாவது சுற்றில், மொத்தத்தில் 42-ஆவது ஆளாக, அலபாமாவிலிருந்து கன்னர் ஹென்டர்சன் என்ற பள்ளிக்கூடப் பையனை எடுத்தார்கள். நான்கு வருடம் கழித்து, 2023-இல், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த அறிமுக வீரர் விருதை ஒருமனதாக வென்றது அந்த இரண்டாம் சுற்றுப் பையன்.

ஹென்டர்சன் கதை வழியாகவே எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். புதிதாக வருபவர் முதலில் பார்ப்பது பேட்டிங் சராசரி; ஹிட் என்பது பந்தை அடித்துவிட்டு, அவுட் ஆகாமல் பேஸ் என்ற ஓடிச் சேரும் இடத்தை எட்டுவது; பத்துக்கு மூன்று ஹிட் என்றால் நல்ல மட்டைக்காரன் என்று நினைப்போம். மைனர் லீகில் அது பாதி உண்மைதான். தடுப்பாட்டம் மோசமான இடத்தில் சாதாரண அடியும் ஹிட் ஆகிவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் அல்புகர்க்கி மைதானத்தில் காற்று லேசாக இருப்பதால் பந்து பறந்துகொண்டே போகும். அங்கே ஆடும் ட்ரிபிள்-ஏ பையனின் ஹோம் ரன், அதாவது நம் சிக்சர் மாதிரி வேலிக்கு வெளியே போகும் அடிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது. இவற்றைவிட இரண்டு எண்கள் நம்பகமானவை. ஒன்று ஸ்டிரைக் அவுட்: வீசித் தவறவிடும் பந்தும், அடிக்கக்கூடிய இடத்தில் வந்தும் விட்டுவிடும் பந்தும் ஸ்டிரைக்; அப்படி மூன்று வாங்கி வெளியேறுவது. இன்னொன்று வாக்: நான்கு மோசமான பந்துகளை அடிக்காமல் விட்டு, இலவசமாக முதல் பேஸுக்கு நடந்து போவது. ஒரு பையனுக்குப் பந்து கண்ணில் தெரிகிறதா, எதை அடிப்பது எதை விடுவது என்று புரிகிறதா என்பதை இந்த இரண்டும் சேர்ந்து சொல்லிவிடும்.

2021-இல் ஹென்டர்சன் மட்டை பிடித்த ஒவ்வொரு பத்து முறையிலும் சுமார் மூன்று முறை ஸ்டிரைக் அவுட் ஆனார். அது கவலைப்பட வேண்டிய எண். குளிர்காலம் போனது. 2022-இல் போவியில், இன்னும் கடினமான மட்டத்தில், 47 ஆட்டங்களில் அவர் வாங்கிய வாக் 41, ஸ்டிரைக் அவுட் 38. அப்போது அவருக்கு வயது இருபது. ஒரு வருடத்தில் ஒரு மட்டைக்காரனின் பார்வை இப்படித் தெளிவது அபூர்வம். அந்த மே மாதம் பே சாக்ஸ் ஸ்கோர் கார்டைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் இது கண்ணில் படாமல் போயிருக்காது. ஆகஸ்ட் 31-இல் அவர் மேஜர் லீகில் முதல் ஆட்டம் ஆடினார்; அன்றே ஒரு ஹோம் ரன். பெரும்பாலான ரசிகர்களுக்கு அறிமுகமான நாள் அது. கீழே கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் நான்கு மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டார்.

எண்களோடு எப்போதும் வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டபுள்-ஏ-வில் ஆடுபவர்கள் பெரும்பாலும் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுக்காரர்கள். அங்கே ஒரு இருபத்தாறு வயதுக்காரர் வெளுத்து வாங்கினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பத்தொன்பது வயதுப் பையன் அதே இடத்தில் சுமாராக ஆடினாலே அது பெரிய சேதி. ஏழாம் வகுப்புப் பையன் பத்தாம் வகுப்புக் கணக்கில் ஐம்பது மார்க் வாங்குவதைப் போல.

பந்து வீசுபவர்களை அளப்பது இன்னும் சிரமம். அவர்கள் எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார்கள் என்பதை அப்படியே நம்ப முடியாது. ஒரு பருவம் முழுக்க, புதிதாகக் கற்ற ஒரு பந்தை அடிக்கடி போட்டுப் பழகு என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கலாம். பையன் அடி வாங்கிக்கொண்டே கற்றுக்கொண்டிருப்பான். இங்கே ஆட்டத்தை வெல்வதைவிட வீரனை வளர்ப்பதுதான் முதல் வேலை. அதனால் பந்து வீசுபவர்களிடம் நான் வேகத்தையும், ஸ்டிரைக் அவுட், வாக் இரண்டுக்கும் உள்ள இடைவெளியையும், முக்கியமாகத் தோளும் முழங்கையும் நலமாக இருக்கின்றனவா என்பதையும்தான் பார்ப்பேன். 1991 டிராஃப்டில் முதல் ஆளாக நியூயார்க் யாங்கீஸ் எடுத்த பிரையன் டெய்லரின் பந்து வேகத்தைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள். 1993 டிசம்பரில் தோள்பட்டையில் பட்ட காயத்துக்குப் பிறகு அவரால் பழையபடி வீச முடியவில்லை. ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை.

ஊர் ஊராகப் போய் வீரர்களை எடைபோடும் ஸ்கவுட்கள் எழுதும் குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தால் 20-இலிருந்து 80 வரை செல்லும் ஒரு அளவுகோல் வரும். 50 என்றால் சராசரி மேஜர் லீக் வீரனின் தரம். 60 என்றால் நன்று, 80 என்றால் ஒரு தலைமுறைக்குச் சிலருக்குத்தான் வாய்க்கும். அடிக்கும் திறன், பலம், ஓட்டம், தடுப்பாட்டம், எறியும் கை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மார்க். இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நம் பள்ளிக்கூட நினைப்பில் 50 என்பது ஏதோ ஒப்பேற்றிய மார்க் மாதிரி தெரியும். உலகத்திலேயே சிறந்த 780 பேரில் சராசரி ஆள் என்பதுதான் அந்த 50-க்கு அர்த்தம். ஒரு பையனுக்கு எதிர்காலத்தில் 50 வரும் என்று எழுதினால் அது பெரிய பாராட்டு.

அப்புறம் தரவரிசைப் பட்டியல்கள். பேஸ்பால் அமெரிக்கா இதழ் ஒவ்வொரு ஆண்டும் முதல் நூறு ப்ராஸ்பெக்டுகளின் பட்டியலை வெளியிடுகிறது. மேஜர் லீகின் சொந்தத் தளமும் வெளியிடுகிறது. பேஸ்பால் அமெரிக்கா பட்டியலில் 2022-இல் முதலிடம் ரட்ச்மன், 2023-இல் ஹென்டர்சன், 2024-இல் ஜாக்சன் ஹாலிடே. மூன்று வருடமும் தொடர்ந்து ஓரியோல்ஸ் பையன்கள். பட்டியல் நல்ல வழிகாட்டிதான், யார் யார் என்று தெரிந்துகொள்ள அதில் தொடங்குங்கள். ஆனால் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு தொங்கினால் இந்த ரசனையின் உயிர் போய்விடும். ஒரு பையன் புதிய மட்டத்துக்குப் போய், அடி வாங்கி, அதற்கு என்ன பதில் கண்டுபிடிக்கிறான் என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஹாலிடேயைப் பாருங்கள். அப்பா மாட் ஹாலிடே பெயர்பெற்ற மேஜர் லீக் வீரர். 2022 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட மகன், 2023-இல் பத்தொன்பது வயதில் ஒரே பருவத்தில் நான்கு படி ஏறினார். டெல்மார்வாவில் 14 ஆட்டம், அபர்தீனில் 57, போவியில் 36, நார்ஃபோக்கில் 18. மொத்தம் 125 ஆட்டங்களில் 101 வாக். அந்த வருடம் அவரைக் கவனித்தவர்களுக்கு ஏணியின் முழு நீளமும் ஒரே வருடத்தில் பாடமாகிவிட்டது. 2024 ஏப்ரல் 10-இல் மேலே அழைத்தார்கள். எல்லோரும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, பத்து ஆட்டங்களில் 34 முறை முயன்று இரண்டே ஹிட், 18 ஸ்டிரைக் அவுட். ஏப்ரல் 26-இல் நார்ஃபோக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். உலகத்தின் முதல் நிலை ப்ராஸ்பெக்ட், இருபது வயதில், எல்லோர் முன்னாலும் சரிந்தார். அந்த மே, ஜூன் மாதங்களில் நார்ஃபோக் ஸ்கோர் கார்டைத் திறக்கும்போது எனக்கு வயிற்றில் ஏதோ செய்யும். ஜூலை 31-இல் மறுபடி அழைத்தார்கள். அன்று டொராண்டோவுக்கு எதிராக, மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது, பந்தை மைதானத்துக்கு வெளியே யூட்டா தெருவில் கொண்டுபோய்ப் போட்டார். மேஜர் லீகில் அவருடைய முதல் ஹோம் ரன் அது. ஒரே அடியில் நான்கு ரன்.

ஏறுவதும் இறங்குவதும் திறமையை மட்டும் பொறுத்தது அல்ல, காகித விதிகளும் உண்டு. எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே படிக்க வேண்டியதில்லை. மூன்று தெரிந்தால் போதும். மேஜர் லீக் அணியில் அன்றாடம் ஆடத் தகுதியுள்ளவர்கள் 26 பேர். அவர்களையும் சேர்த்து 40 பேர் கொண்ட பெரிய பட்டியல் ஒன்று உண்டு. ஒரு பையனை அந்த நாற்பதுக்குள் சேர்த்துவிட்டால், பொதுவாக மூன்று பருவங்கள் வரைக்கும்தான் தடையில்லாமல் மேலும் கீழும் அனுப்பலாம்.

இரண்டாவது, ரூல் 5 டிராஃப்ட். இளம் வயதில் ஒப்பந்தமாகி நான்கைந்து வருடம் கழிந்தும் நாற்பதுக்குள் சேர்க்கப்படாத வீரனை, டிசம்பரில் இன்னொரு அணி ஒரு லட்சம் டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்றுதான்: அடுத்த பருவம் முழுக்க அவனை மேலேயே வைத்திருக்க வேண்டும். திறமைசாலியை ஒரு அணி கீழேயே பூட்டிவைத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி. ஓரியோல்ஸ் 2016 டிசம்பரில் கிளீவ்லாந்திடமிருந்து ஆன்டனி சான்டான்டரை இப்படித்தான் எடுத்தது. 2024-இல் அவர் 44 ஹோம் ரன் அடித்தார். நவம்பரில் யாரை நாற்பதுக்குள் சேர்க்கிறார்கள், யாரை விடுகிறார்கள் என்று பார்ப்பதே ஒரு தனிப் பரபரப்பு.

மூன்றாவது, சேவைக் காலம். மேலே 172 நாள் இருந்தால் ஒரு வருடக் கணக்கு. ஆறு வருடம் சேர்ந்தால் வீரன் விடுதலை. எந்த அணிக்கும் போகலாம். இதைக் கணக்குப் போட்டு, தயாரான பையனையும் சில வாரம் கீழே நிறுத்திவைக்கும் வழக்கம் இருந்தது. 2015-இல் சிகாகோ கப்ஸ் அணியில் கிரிஸ் பிரையன்ட் 171 நாளில் அந்தப் பருவத்தை முடித்தார். ஒரே ஒரு நாள் குறைவு. அதனால் அந்த அணி அவரை இன்னொரு வருடம் வைத்துக்கொள்ள முடிந்தது. அவர் முறையிட்டும் பலிக்கவில்லை. எனக்கு இது நியாயமாகப் படவே இல்லை. அணிகளும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2022 ஒப்பந்தத்தில் கொஞ்சம் மருந்து போட்டார்கள்: பட்டியலில் முன்னணியில் இருக்கும் பையனைத் தொடக்கத்திலிருந்தே மேலே வைத்திருந்து அவன் சிறந்த அறிமுக வீரர் ஆனால், அணிக்கு டிராஃப்டில் கூடுதல் தேர்வு ஒன்று பரிசு. ஹென்டர்சன் வழியாக ஓரியோல்ஸுக்கு அது கிடைத்தது.

கவனித்து வரும் பையன் நம் அணிக்கே ஆடுவான் என்றும் உத்தரவாதம் இல்லை. ப்ராஸ்பெக்ட் என்பவன் பண்டமாற்றுப் பொருளும்கூட. 2024 பிப்ரவரியில் கார்பின் பர்ன்ஸ் என்ற பெரிய பந்து வீச்சாளரை வாங்க, ஜோயி ஓர்டிஸ், டி.எல். ஹால் என்ற இரண்டு பையன்களையும் ஒரு டிராஃப்ட் தேர்வையும் ஓரியோல்ஸ் மில்வாக்கிக்குக் கொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் டிரெவர் ராஜர்ஸுக்காக கைல் ஸ்டோவர்ஸும் கானர் நார்பியும் மயாமிக்குப் போனார்கள். வந்த ராஜர்ஸ் சரியாக வீசாமல் நார்ஃபோக்குக்கு இறக்கப்பட்டார். 2025-இல் ஸ்டோவர்ஸ் மயாமி சார்பில் ஆல் ஸ்டார் என்ற நட்சத்திர அணிக்குத் தேர்வானார். ஏமாந்துவிட்டோம் என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தபோது அதே 2025-இல் ராஜர்ஸ் திரும்பி வந்து 18 ஆட்டங்களைத் தொடங்கி, ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, 1.81 ரன் என்ற கணக்கில் வீசினார். கைவிட்டுப் போன பையன்களை நான் இன்றும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாலும் பாசம் போகுமா என்ன?

இந்தப் பையன்களின் வாழ்க்கை வசதியானது என்று நினைத்துவிட வேண்டாம். லட்சக்கணக்கில் ஒப்பந்தத் தொகை கிடைப்பது மேலே எடுக்கப்படும் சிலருக்குத்தான். மற்றவர்கள் பல காலம் வறுமைக்கோட்டுச் சம்பளத்தில், நாலைந்து பேர் ஒரே வீட்டில் தரையில் படுத்துக்கொண்டு ஆடினார்கள். 2022-இல் மைனர் லீக் வீரர்கள் முதல் முறையாகச் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 ஒப்பந்தப்படி சிங்கிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 26,200 டாலர், ட்ரிபிள்-ஏ வீரருக்கு 35,800. தங்கும் இடத்தையும் இப்போது அணியே தருகிறது. 2025-இல் மேஜர் லீகின் குறைந்தபட்சச் சம்பளம் 7,60,000 டாலர். நார்ஃபோக்குக்கும் பால்டிமோருக்கும் நடுவில் உள்ள தூரத்தை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும்.

இந்த ஏணியில் இந்தியாவிலிருந்து கால் வைத்தவர்களும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் ஒரு தொலைக்காட்சிப் போட்டி வழியாகக் கண்டெடுத்து, 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. அதற்கு முன்பு அவர்கள் பேஸ்பால் ஆடியதே இல்லை. 2009-இல் ஃபுளோரிடாவில் அடிமட்ட லீகில் ஆடத் தொடங்கினார்கள். தினேஷ் சீக்கிரமே திரும்பினார். ரிங்கு அன்றைய சிங்கிள்-ஏ வரைக்கும் ஏறினார், பிறகு காயங்கள் நிறுத்திவிட்டன. வளர்ந்த பிறகு கற்ற விளையாட்டில் அவ்வளவு தூரம் போனதே எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்த மட்டங்களின் கடினம் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

எப்படித் தொடங்குவது? ஒரு அணியைத் தேர்ந்தெடுங்கள். அதில் மூன்றே பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள், முப்பது வேண்டாம். ஒருவர் பட்டியலின் உச்சியில் இருப்பவர், ஒருவர் நடுவில் இருப்பவர், இன்னொருவர் டொமினிகனிலிருந்து பதினாறு வயதில் வந்தவர். சாமுவேல் பசாயோ அப்படி வந்தவர்தான்; 2021 ஜனவரியில் 13 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமாகி, 2025 ஆகஸ்டில் இருபத்தோராவது பிறந்த நாள் முடிந்த அதே வாரத்தில் மேஜர் லீகுக்கு வந்தார். மைனர் லீக் தளத்திலேயே ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோர் கார்டும் இலவசமாகக் கிடைக்கிறது. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் பெரும்பாலும் விடுமுறை. அங்கே மாலை 7 மணி ஆட்டம் என்றால் இந்தியாவில் அதிகாலை 4.30, எழுந்து காப்பி குடிக்கும்போது முடிவு தயாராக இருக்கும். நான் ஒரு நோட்டில் மாதக் கடைசியில் வாக், ஸ்டிரைக் அவுட் இரண்டை மட்டும் குறித்து வைப்பேன். தினமும் குறித்தால் ஒரு மோசமான வாரமே மனசைக் கெடுத்துவிடும்.

இவர்களோடு, எந்தப் பட்டியலிலும் இல்லாத நான்காவது ஒருவருக்கும் இடம் வையுங்கள். ஃபெலிக்ஸ் பவுடிஸ்டா டொமினிகன் பையன், ஆறடி எட்டு அங்குலம். மயாமி அவரை ஒப்பந்தம் செய்து, பிறகு வெளியே அனுப்பிவிட்டது. 2016-இல் ஓரியோல்ஸ் சேர்த்துக்கொண்டது. வருடக்கணக்காகக் கீழ் மட்டங்களிலேயே கிடந்தார். வேகம் பயங்கரம், பந்து எங்கே போகும் என்பது அவருக்கே தெரியாது. மெல்ல மெல்லக் கட்டுப்பாடு வந்து, 2022-இல் இருபத்தாறு வயதில் மேலே வந்தார். 2023-இல் 61 இன்னிங்ஸில் 110 பேரை ஸ்டிரைக் அவுட் செய்து, ஆட்டத்தின் நடுவிலோ கடைசியிலோ இறங்கி வீசுபவர்களுக்கான, அமெரிக்கன் லீகின் சிறந்த ரிலீவர் விருதை வாங்கினார்.

ஜூலையில் டிராஃப்ட் முடிந்ததும் ஆகஸ்டில் டெல்மார்வா அணியின் பட்டியலைத் திறந்து பாருங்கள். போன மாதம் வரைக்கும் கல்லூரியிலோ பள்ளியிலோ ஆடிக்கொண்டிருந்த இரண்டு மூன்று புதுப் பெயர்கள் அதில் வந்திருக்கும்.